வயலில் மீத்தேன் அளப்பவர்கள்: பாலக்காட்டுச் சிற்றூர் வட்டார மாணவர்களுக்கான கேள்வி பதில்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய சிற்றூர் (சித்தூர்) வட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், எருத்தேம்பதி, வடகரப்பதி, மீனாட்சிபுரம் பக்கம் தமிழ்வழியில் படித்துவிட்டு வேளாண்மை அல்லது கால்நடைப் படிப்புக்குப் போக நினைக்கும் பிள்ளைகளும் அவர்களின் பெற்றோரும் அடிக்கடி கேட்பவை இவை. வேளாண்மையிலிருந்து வெளியாகிப் புவியைச் சூடாக்கும் பசுங்குடில் வாயுக்களைக் குறைக்கும் ஆராய்ச்சியில் என்ன வேலை இருக்கிறது, அதை எப்படிச் செய்கிறார்கள், அதற்கு என்ன படிக்க வேண்டும் என்பவற்றுக்கான விடைகள் கீழே உள்ளன.

இந்த விஞ்ஞானிகள் என்னதான் செய்கிறார்கள்?

வயலிலிருந்தும் மாட்டிடமிருந்தும் வரும் மீத்தேனையும் நைட்ரஸ் ஆக்சைடையும் அளக்கிறார்கள். விளைச்சல் குறையாமல் அவற்றைக் குறைக்கும் வழி எது என்று வயலிலேயே சோதிக்கிறார்கள். கிடைத்த எண்களை மாநில, தேசியக் கணக்கில் சேர்க்கிறார்கள்.

100 ஆண்டுக் கணக்கில், புவியைச் சூடாக்குவதில் ஒரு கிலோ மீத்தேன் சுமார் 27 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்கு ஈடு. ஒரு கிலோ நைட்ரஸ் ஆக்சைடு 273 கிலோவுக்கு ஈடு. மீத்தேன் காற்றில் ஏறக்குறைய 12 ஆண்டுகள் தங்கும், நைட்ரஸ் ஆக்சைடு நூறாண்டைத் தாண்டும். இன்று மீத்தேனைக் குறைத்தால் அதன் பலன் நம் வாழ்நாளிலேயே தெரியும். நெல்லிலும் மாட்டிலும் இவ்வளவு கவனம் வைப்பதற்கு அதுவே காரணம்.

இந்தியாவில் எது அதிகம், நெல்லா மாடா?

மாடு. 2016-ஆம் ஆண்டுக்கான தேசியக் கணக்கில் வேளாண்மைத் துறையின் மொத்த வெளியீட்டில் கால்நடைகளின் செரிமானத்தில் வருவது 54.6 சதவீதம். உரமிட்ட மண்ணிலிருந்து 19.1, நெல் வயலிலிருந்து 17.5, சாணத்தைக் கையாள்வதில் 6.7, மீதி பயிர்க்கழிவை எரிப்பதில். 2020 கணக்கில் நாட்டின் மொத்த வெளியீட்டில் வேளாண்மையின் பங்கு 13.72 சதவீதம்.

சிற்றூர் வட்டத்தில் கறவை மாடு, நெல், உரமிட்ட தென்னந்தோப்பு ஆகிய மூன்றும் அடுத்தடுத்து இருக்கின்றன. ஆராய்ச்சிக்கு இது அரிய வசதி.

வெளிநாட்டு எண்களை எடுத்துக்கொண்டால் போதாதா? இங்கே வந்து ஏன் அளக்க வேண்டும்?

போதாது என்பதை 1991-லேயே நம் நாட்டு விஞ்ஞானிகள் காட்டிவிட்டார்கள். 1990-ல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, இந்திய நெல் வயல்கள் ஆண்டுக்கு 37.8 மில்லியன் டன் மீத்தேன் வெளியிடுகின்றன என்று மதிப்பிட்டது. ஐரோப்பிய, அமெரிக்க வயல்களில் அளந்ததை இங்கே பெருக்கிப் போட்ட கணக்கு அது. டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் ஏ.பி. மித்ராவின் முன்முயற்சியில் நாடு முழுக்க மீத்தேன் அளவீட்டு இயக்கம் நடந்தது. நேரடியாக வயலில் அளந்தபோது வந்த மதிப்பு சுமார் 4 மில்லியன் டன்தான். ஏறக்குறைய ஒன்பது மடங்கு வித்தியாசம்.

நம் வயல்களில் பெரும்பகுதி எப்போதும் நீர் நிற்பவை அல்ல. மானாவாரி நிலமும், இடையில் காயும் நிலமும் நிறைய. சர்வதேச மேசைகளில் நம் விவசாயியின் மேல் தவறான பழி விழாமல் இருக்க வேண்டுமானால் நம் வயலில் நாம்தான் அளக்க வேண்டும். இந்தத் துறையின் அடித்தளம் இது.

நெல் வயலில் மீத்தேன் எப்படி உண்டாகிறது?

நீர் கட்டியதும் மண்ணுக்குள் காற்று போவது நின்றுவிடுகிறது. நுண்ணுயிர்கள் முதலில் மிச்சமிருக்கும் ஆக்சிஜனைத் தீர்க்கின்றன. பிறகு நைட்ரேட், மாங்கனீசு, இரும்பு, சல்பேட் என ஒவ்வொன்றாகத் தீர்கின்றன. மண்ணின் ஆக்சிஜனேற்ற ஒடுக்க மின்னழுத்தம் (இவை எவ்வளவு தீர்ந்துவிட்டன என்று காட்டும் அளவு) சுமார் மைனஸ் 150 மில்லிவோல்ட்டுக்குக் கீழே இறங்கியபின் மீத்தேன் உண்டாக்கும் ஆர்க்கியா என்ற நுண்ணுயிர்கள் முழு வேகத்தில் இயங்கத் தொடங்கும். அவற்றுக்கு இரை வைக்கோல், அடித்தாள், வேர்க்கசிவு.

உண்டான மீத்தேனில் 90 சதவீதம் வரை நெற்பயிரின் தண்டில் உள்ள காற்றுக்குழல்கள் வழியாகவே வெளியேறும். மிச்சம் குமிழிகளாகவும் நீரில் கரைந்தும் வரும். எனவே அளக்கும்போது பயிர் பெட்டிக்குள்ளேயே இருக்க வேண்டும். வெறும் தண்ணீரின் மேல் பெட்டி வைத்து எடுத்த எண்ணுக்கு மதிப்பில்லை.

எப்படி அளக்கிறார்கள்? கருவி என்ன?

அதிகம் பயன்படுவது மூடிய பெட்டி முறை. ஒளி ஊடுருவும் அக்ரிலிக் பெட்டி, 50 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 1 மீட்டர் உயரம். 20-க்கு 15 செ.மீ. இடைவெளியில் நட்ட வயலில் இதற்குள் 5 குத்து வரும். இந்த எண்ணிக்கை வயலின் சராசரியோடு ஒத்துப்போக வேண்டும்.

பெட்டி நேராக மண்ணில் உட்காராது. அலுமினியச் சட்டம் ஒன்றை மண்ணில் அழுத்திப் பதித்து, அதன் மேல்விளிம்பில் உள்ள வாய்க்காலில் தண்ணீர் ஊற்றி, அதற்குள் பெட்டியின் விளிம்பை வைப்பார்கள். காற்றை அடைப்பது அந்தத் தண்ணீர்தான். சட்டத்தை அளவெடுப்புக்கு ஒரு நாள் முன்பாவது பதிக்க வேண்டும், முடிந்தால் நடவு முடிந்தவுடனே பதித்து அறுவடை வரை விட்டுவிட வேண்டும். பெட்டிக்குள் 12 வோல்ட் பேட்டரியில் ஓடும் சிறு விசிறி, ஒரு வெப்பமானி, மேலே ரப்பர் அடைப்புள்ள துளை.

காலை 9 முதல் 11 மணிக்குள் எடுப்பது வழக்கம். அந்நேர மண் வெப்பம் நாளின் சராசரிக்கு நெருக்கமாக இருக்கும். பெட்டியை வைத்தவுடன் ஒரு மாதிரி, பிறகு 10, 20, 30 நிமிடங்களில் ஒவ்வொன்று. மும்முனைத் திருகு பொருத்திய 50 மி.லி. சிரிஞ்சால் உறிஞ்சி, முன்பே காற்று நீக்கிய 12 மி.லி. கண்ணாடிக் குப்பியில் 20 மி.லி. ஏற்றுவார்கள். உள்ளே அழுத்தம் கூடுதலாக இருந்தால் வெளிக்காற்று புகாது. ஒவ்வொரு எடுப்பின்போதும் பெட்டிக்குள் உள்ள வெப்பம், நிற்கும் நீரின் உயரம், மண் வெப்பம் மூன்றையும் எழுத வேண்டும்.

ஆய்வகத்தில், கலந்த வாயுக்களைப் பிரித்து அளக்கும் கேஸ் குரோமட்டோகிராஃப் கருவி. மீத்தேனுக்கு எஃப்ஐடி (சுடர் அயனியாக்க) உணரி, நைட்ரஸ் ஆக்சைடுக்கு நிக்கல்-63 கொண்ட ஈசிடி (எலக்ட்ரான் கவர்) உணரி. ஒவ்வொரு தொகுதிக்கும் முன்னும் பின்னும் தெரிந்த செறிவுள்ள தரவாயுவைச் செலுத்தி அளவுத்திருத்தம் செய்ய வேண்டும்.

ஒரு பாத்திக்குக் குறைந்தது 3 பெட்டி. மீத்தேனுக்கு வாரம் ஒருமுறை. யூரியா போட்டபின் நைட்ரஸ் ஆக்சைடுக்கு முதல் சில நாட்கள் தினமும் எடுக்க வேண்டும். உயர்ந்து இறங்குவது அந்த நாட்களுக்குள்தான்.

எண் எப்படி வருகிறது? ஒரு கணக்குக் காட்ட முடியுமா?

30 நிமிடத்தில் பெட்டிக்குள் மீத்தேன் 2 பிபிஎம்-இலிருந்து (பத்து லட்சம் பங்கு காற்றில் 2 பங்கு) 8 பிபிஎம் ஆனது என்று வையுங்கள். மணிக்கு 12 பிபிஎம். நீர்மட்டத்திலிருந்து பெட்டியின் உள்கூரை வரை உயரம் 1 மீட்டர். பூஜ்யம் டிகிரியில் ஒரு கன மீட்டர் மீத்தேனின் எடை 0.714 கிலோ. பெருக்கினால் சதுர மீட்டருக்கு மணிக்கு 8.57 மில்லிகிராம். பெட்டிக்குள் வெப்பம் 32 டிகிரி என்றால் 273-ஐ 305-ஆல் வகுத்து வருவதால் இதைப் பெருக்க வேண்டும்: 7.67 மில்லிகிராம். 24 மணிக்கு 184 மில்லிகிராம். ஹெக்டேருக்கு நாளொன்றுக்கு 1.84 கிலோ.

தூர் கட்டும் பருவத்தில் நீர் நிற்கும் வயலுக்கு இது நம்பக்கூடிய எண். தெற்காசியாவில் தொடர்ந்து நீர் கட்டிய வயலுக்குப் பருவம் முழுமைக்குமான சராசரியாகக் காலநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அரசுக் குழு 2019-ல் கொடுத்த மதிப்பு நாளுக்கு 0.85 கிலோ. நடவு முடிந்த முதல் வாரங்களிலும் கதிர் முற்றும்போதும் வெளியீடு குறைவு என்பதால் பருவச் சராசரி இறங்கும்.

எங்கே தவறு நடக்கும்?

அதிகம் நடப்பது காலால். பெட்டிக்கு அருகில் சேற்றில் மிதித்தால் மண்ணில் அடைபட்ட குமிழிகள் பெட்டிக்குள் வெடிக்கும். வரப்பிலிருந்து சட்டம் வரை மூங்கிலிலோ பலகையிலோ நடைபாதை போட்டு, அதன் மேல் நின்றே வேலை செய்ய வேண்டும். நடந்ததா இல்லையா என்று முதல் குப்பியைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம். வெளிக்காற்றில் மீத்தேன் சுமார் 1.9 பிபிஎம். பெட்டி வைத்தவுடன் எடுத்த மாதிரியில் 7, 8 என்று வந்தால் அந்தத் தொகுதியைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. நைட்ரஸ் ஆக்சைடுக்கு அதே முதல் குப்பி 0.33 பிபிஎம் அருகில் இருக்க வேண்டும்.

அடுத்தது கசிவு. வாய்க்காலில் தண்ணீர் வற்றினால், அல்லது பலமுறை ஊசி குத்திய ரப்பர் அடைப்பை மாற்றாவிட்டால், செறிவு முதலில் ஏறி பிறகு தட்டையாகும். நான்கு புள்ளிகளும் ஒரு நேர்கோட்டில் வராவிட்டால் (நேர்கோட்டோடு எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டும் ஆர்-ஸ்கொயர் 0.9-க்குக் கீழே என்றால்) ஏன் என்று பார்க்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு சராசரி எடுக்கக் கூடாது.

மூன்றாவது வெயில். பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று வீசினாலும் பிப்ரவரி, மார்ச்சில் அக்ரிலிக் பெட்டிக்குள் வெப்பம் வேகமாக ஏறும். 30 நிமிடத்துக்கு மேல் மூடி வைக்காதீர்கள்.

பலர் தவறவிடுவது இன்னொன்று: அறுவடைக்கு முன் நீரை வடிக்கும் நாட்கள். மண்ணில் சிறைப்பட்டிருந்த மீத்தேன் அப்போது ஒரேயடியாக வெளியே வரும். வாரம் ஒருமுறை என்று இருந்துவிட்டால் அந்த உச்சம் கணக்கில் விழாது. அந்த வாரம் முழுக்க ஒன்றுவிட்டு ஒரு நாள் எடுக்க வேண்டும்.

காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டினால் உண்மையிலேயே குறையுமா? விளைச்சல் அடிபடாதா?

குறையும். தொடர்ந்து நீர் நிற்கும் வயலை 1 என்று வைத்தால், ஒருமுறை காயவிட்டால் 0.71, பலமுறை காயவிட்டால் 0.55 என்பது மேலே சொன்ன பன்னாட்டு அரசுக் குழுவின் 2019 வழிகாட்டுதலில் உள்ள பெருக்கெண்.

விளைச்சல் அடிபடாமல் இருக்க ஓர் எல்லை உண்டு. 30 செ.மீ. நீள பிவிசி குழாய், 10 முதல் 15 செ.மீ. விட்டம். கீழ்ப்பாதியில் சுற்றிலும் 5 மி.மீ. துளைகள், 2 செ.மீ. இடைவெளியில். துளையுள்ள 15 செ.மீ. மண்ணுக்குள் போகும்படி அடித்து இறக்கி, உள்ளே இருக்கும் சேற்றை அள்ளிவிடுங்கள். வரப்புக்கு அருகில், பார்க்க வசதியாக, ஆனால் வயலின் சராசரி மட்டத்தில் இருக்க வேண்டும். பள்ளத்தில் வைத்தால் மேடு காய்ந்தபின்தான் குழாய் சொல்லும். குழாய்க்குள் நீர்மட்டம் மண்பரப்புக்குக் கீழே 15 செ.மீ. இறங்கியதும் மறுபடி 5 செ.மீ. நீர் கட்ட வேண்டும். பூப்பதற்கு ஒரு வாரம் முன்பிருந்து ஒரு வாரம் பின்வரை காயவிடக் கூடாது, அப்போது காய்ந்தால் பதர் விழும். களை அதிகமுள்ள வயலில் நட்ட 2, 3 வாரம் கழித்தே தொடங்க வேண்டும். மேலுரத்தைக் காய்ந்த மண்ணில் போட்டு உடனே நீர் விட்டால் தழைச்சத்து உள்ளே இறங்கும்.

இனி நம் பக்கத்து நிலைமை. முதற்போகத்தில் தென்மேற்குப் பருவமழை கொட்டும்போது வயலைக் காயவிட முடியாது, மழைதான் முடிவு செய்யும். வாய்ப்பு இரண்டாம் போகத்தில்தான். கிழக்கே கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துக் கரிசலில் 15 செ.மீ. வரை காத்திருந்தால் மண் வெடிக்கும். அடுத்த பாய்ச்சலில் பாதி நீர் வெடிப்பு வழியாகக் கீழே போய்விடும். அங்கே வெடிப்பு விழத் தொடங்குமுன் நீர் கட்டுவது நல்லது. மீத்தேன் குறைப்பு சற்றுக் குறைந்தாலும் நீர் மிஞ்சும்.

அதைவிடப் பெரிய தடை வாய்க்கால். 1970 பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி சிற்றூர்ப்புழை ஆயக்கட்டுக்கு ஆண்டுக்கு 7.25 டிஎம்சி நீர். அது முறைவைத்து வரும். அடுத்த முறை எப்போது என்று தெரியாத விவசாயி கையில் இருக்கும் நீரை வடிக்க மாட்டார். அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. சொந்தக் கிணறோ ஆழ்துளைக் கிணறோ உள்ளவர் வயலில் வெற்றி பெற்றதைக் கடைமடை விவசாயிக்குப் பரிந்துரைக்கும் ஆராய்ச்சி பாதி ஆராய்ச்சிதான். முறைநீர் அட்டவணையோடு காயவிடும் நாட்களைப் பொருத்திப் பார்ப்பது இங்கே செய்யப்பட வேண்டிய வேலை. ஒரு முதுநிலை ஆய்வேட்டுக்குத் தாராளமாகப் போதும்.

காயவிட்டால் நைட்ரஸ் ஆக்சைடு கூடும் என்கிறார்களே?

கூடும், அதையும் கணக்கில் எடுக்க வேண்டும். 110 நாள் நீர் நிற்கும் வயலில் 0.85 கிலோ வீதம் 93.5 கிலோ மீத்தேன். பலமுறை காயவிட்டால் அதில் சுமார் 42 கிலோ குறையும். 27-ஆல் பெருக்கினால் 1,136 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்கு ஈடு. ஹெக்டேருக்கு 100 கிலோ தழைச்சத்து இட்டிருந்தால், நைட்ரஸ் ஆக்சைடாகப் போகும் தழைச்சத்து நீர் நிற்கும் வயலில் 0.3 சதவீதம், காயவிடும் வயலில் 0.5 சதவீதம். இந்த வித்தியாசம் 86 கிலோவுக்கு ஈடு. நிகர லாபம் ஹெக்டேருக்கு ஏறக்குறைய 1,050 கிலோ, ஏக்கருக்கு 425.

யூரியாவை அள்ளிப் போடும் வயலில் இந்த லாபம் சுருங்கும். இலையின் பச்சையை எண்ணிட்ட பச்சை நிறப் பட்டைகளோடு ஒப்பிடும் இலை வண்ண அட்டை பார்த்துப் போடுவது ஆராய்ச்சியின் ஒரு பகுதியாகவே இருக்க வேண்டும்: நட்ட 14-ஆம் நாளிலிருந்து 7 முதல் 10 நாளுக்கு ஒருமுறை, வழக்கமான ரகங்களுக்கு எண் 4-க்குக் கீழே, வெள்ளைப் பொன்னிக்கு 3-க்குக் கீழே போனால் மட்டும் உரம். 2015 முதல் யூரியா முழுக்க வேப்பெண்ணெய் பூசியே வருவதால் அதைத் தனிச் சோதனையாக வைத்துப் பெரிய பயனில்லை.

வைக்கோல், தக்கைப்பூண்டு போட்டால் மீத்தேன் கூடுமா?

எப்போது போடுகிறீர்கள் என்பதில் இருக்கிறது. நடவுக்கு 30 நாளுக்குள் மடக்கி உழுத வைக்கோலின் தாக்கத்தை 1 என்றால், 30 நாளுக்கு முன்பே மடக்கியதற்கு 0.19, மக்கிய உரத்துக்கு 0.17, தொழுவுரத்துக்கு 0.21, பசுந்தாள் உரத்துக்கு 0.45. முதற்போகம் அறுத்ததும் அடித்தாளை உடனே உழுது, மண் ஈரமாக ஆனால் நீர் நிற்காமல் சில வாரம் விட்டால் பெரும்பகுதி காற்றோட்டத்திலேயே மக்கிவிடும். இரண்டு போகத்துக்கும் இடையில் அந்த அவகாசம் கிடைக்காதபோது வைக்கோலை மாட்டுக்குக் கொடுத்துச் சாணத்தை மக்க வைத்துத் திருப்பிப் போடுவதே மேல். மண்ணுக்கு உரம் வேண்டாம் என்று எந்த விஞ்ஞானியும் சொல்லக் கூடாது.

மாட்டில் எப்படி அளக்கிறார்கள்? எப்படிக் குறைக்கிறார்கள்?

மாடு மீத்தேனைப் பெரும்பாலும் ஏப்பமாக வாய் வழியே விடுகிறது. தின்ற தீவனத்தின் மொத்த ஆற்றலில் 6, 7 சதவீதம் இப்படி வீணாகும். அளக்க இரண்டு வழிகள் அதிகம். ஒன்று மாட்டையே காற்றோட்டம் கட்டுப்படுத்திய அறையில் நிறுத்துவது. மற்றொன்று, தெரிந்த வேகத்தில் சல்பர் ஹெக்சாஃப்ளோரைடு கசியும் சிறு குழாயை முதல் வயிற்றுக்குள் விட்டு, கழுத்தில் மாட்டிய கலனில் 24 மணி நேரம் மூச்சுக்காற்றைச் சேர்த்து, இரண்டு வாயுக்களின் விகிதத்தைப் பார்ப்பது.

பெங்களூரில் உள்ள தேசியக் கால்நடை ஊட்டச்சத்து மற்றும் உடலியங்கியல் நிறுவனம் இதில் முன்னோடி. புளியங்கொட்டைத் தோலில் உள்ள டானினை அடிப்படையாகக் கொண்ட ‘டாமரின் பிளஸ்’, அதன்பின் ‘ஹரித் தாரா’ ஆகிய தீவனச் சேர்க்கைகள் அங்கே உருவானவை. ஹரித் தாரா 17 முதல் 20 சதவீதம் வரை மீத்தேனைக் குறைப்பதாக அந்நிறுவனம் தெரிவித்துள்ளது. டானின் அளவு மிஞ்சினால் மாடு தீவனம் எடுப்பதும் புரதம் செரிப்பதும் குறையும். எனவே எவ்வளவு என்பதுதான் முழு ஆராய்ச்சியும்.

தலைக்கு எவ்வளவு என்று மட்டும் பார்த்தால் தவறான முடிவுக்கு வருவோம். தேசிய மதிப்பீடு ஒன்றில் கலப்பினக் கறவைக்கு ஆண்டுக்கு 43 கிலோ மீத்தேன், நாட்டுக் கறவைக்கு 28 கிலோ. கலப்பினம் ஆண்டுக்கு 2,500 லிட்டரும் நாட்டு மாடு 600 லிட்டரும் கறப்பதாக வைத்தால், லிட்டருக்கு வெளியீடு முறையே 0.46 கிலோ, 1.26 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்கு ஈடு. ஆனால் நாட்டு மாடு பாலுக்கு மட்டும் வளர்க்கப்படுவதில்லை. உழவு, சாணம், வெயில் தாங்கும் திறன் எல்லாம் கணக்கில் வர வேண்டும். வெறும் வைக்கோல், சோளத்தட்டு மட்டும் தின்னும் மாட்டுக்குப் பசுந்தீவனமும் அளவான புண்ணாக்கும் சேர்த்தால் பால் கூடி, லிட்டருக்கு மீத்தேன் இறங்கும். சேர்க்கைப் பொடி வாங்குவதற்கு முன் செய்ய வேண்டியது இது.

என்ன படிக்க வேண்டும்?

பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல். கேரளத்தில் பிளஸ் டூ முடித்தவருக்கு பி.எஸ்சி. வேளாண்மை, கால்நடை மருத்துவம் இரண்டுக்கும் நீட் மதிப்பெண் தேவை, அதைக் கொண்டு மாநில நுழைவுத்தேர்வு ஆணையர் தரவரிசை போடுகிறார். கோவைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணைப் பார்க்கிறது, ஆனால் மாநில இடங்களுக்கு இருப்பிடச் சான்று விதிகள் உண்டு. எல்லையில் வாழும் பிள்ளைகள் விண்ணப்பிக்கும் முன் அந்தப் பகுதியை வரிவரியாகப் படியுங்கள், தமிழ் பேசுவது மட்டும் தமிழ்நாட்டு இருப்பிடம் ஆகாது. அகில இந்திய ஒதுக்கீடு தனி வழி.

கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் வெள்ளானிக்கரை வளாகத்தில் காலநிலை மாற்றத்துக்கென்றே தனிக் கல்லூரி இருக்கிறது. முதுநிலையில் மண்ணியல், உழவியல், சுற்றுச்சூழல் அறிவியல், வேளாண் வானிலையியல் எதுவும் இந்தத் துறைக்கு இட்டுச்செல்லும். மாட்டுப் பக்கம் போக கால்நடை மருத்துவம் முடித்துக் கால்நடை ஊட்டச்சத்தியல்.

பாடத்தோடு மூன்று திறமைகள் வேண்டும்: புள்ளியியலை ‘ஆர்’ மென்பொருளில் செய்யத் தெரிவது, கேஸ் குரோமட்டோகிராஃபைத் தானே இயக்கிப் பழுது கண்டுபிடிப்பது, விவசாயியிடம் பேசத் தெரிவது.

சம்பளம் எப்படி?

மத்திய அரசுத் திட்டங்களில் இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய், முதுநிலை 42,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி. வேளாண் விஞ்ஞானிகள் தேர்வு வாரியம் வழியாக இந்திய வேளாண் ஆராய்ச்சிக் குழுமத்தில் சேரும் விஞ்ஞானியின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700. கட்டக் நெல் ஆராய்ச்சி நிறுவனம், ஐதராபாத் மானாவாரி வேளாண்மை நிறுவனம், டெல்லி பூசா வேளாண் ஆராய்ச்சி நிறுவனம், மேலே சொன்ன பெங்களூர் நிறுவனம் ஆகியவை முக்கியமான இடங்கள். திட்ட வேலைகள் 2, 3 ஆண்டில் முடியும். இடைவெளியைத் தாங்கும் நிலை வீட்டில் இருக்கிறதா என்று யோசித்தே இறங்க வேண்டும்.

கார்பன் கிரெடிட் கம்பெனிகளில் வேலை என்று விளம்பரம் வருகிறதே?

வருகிறது, நல்ல வேலையும் அதில் உண்டு. வாயு வெளியீட்டைக் குறைத்ததற்கான சான்றை விற்பதுதான் கார்பன் கிரெடிட். கவனம் தேவை. நெல் மீத்தேனுக்குப் பழைய கணக்கு முறை ஒன்றைச் கார்பன் கிரெடிட்டுக்கு விதிமுறை வகுக்கும் அமைப்பான வெர்ரா 2023-ல் நிறுத்தியது. 2024-ல் சீனாவின் 37 நெல் திட்டங்களை நிராகரித்தது. 2025-ல் புதிய முறையை வெளியிட்டது. சேரும் முன் கேளுங்கள்: திட்டத்துக்கு முன் அந்த வயலில் நீர் எப்படி நின்றது என்பதற்குப் பதிவு இருக்கிறதா, குழாய் அளவை யார் குறிக்கிறார்கள், விவசாயிக்கு எவ்வளவு போகிறது? ஏற்கெனவே வாய்க்கால் முறையால் காயும் வயலைத் தொடர்ந்து நீர் நின்ற வயல் என்று எழுதினால், குறைத்ததாகக் காட்டும் டன் பொய். அந்தத் தாளில் கையெழுத்துப் போடுபவர் விஞ்ஞானி.

ஆங்கிலமும் மலையாளமும் சரியாக வராது. சமாளிக்க முடியுமா?

முடியும். ஆய்வுக்கட்டுரை ஆங்கிலத்தில்தான், அதற்கு முதலாண்டிலிருந்தே வாரம் ஒரு கட்டுரை படித்துச் சுருக்கம் எழுதிப் பழகுங்கள். பட்டாம்பி வேளாண் ஆராய்ச்சி நிலையத்திலும், ஊர் வேளாண் அலுவலகமான கிருஷிபவனிலும் மலையாளம் வேண்டும். வயலில் தமிழ் உங்கள் பலம். பொள்ளாச்சி, உடுமலை, கம்பம் பள்ளத்தாக்கு என எல்லைக்கு அந்தப் புறமும், சிற்றூர் என இந்தப் புறமும் ஒரே நாளில் இரு மொழியில் பேசி விவரம் எடுக்கக்கூடியவர் எந்த ஆய்வுக் குழுவுக்கும் வேண்டியவர்.

இப்போதே, பள்ளியில் இருக்கும்போதே, ஏதாவது தொடங்கலாமா?

வாயுவை அளக்க முடியாது, நீரை அளக்கலாம். மேலே சொன்ன பிவிசி குழாயை வீட்டு வயலில் மூன்று இடத்தில் இறக்குங்கள்: மடை அருகில், நடுவில், கடைசி மூலையில். தினமும் காலையில் ஒரே நேரத்தில் அளவுகோலை விட்டுக் குழாயின் மேல்விளிம்பிலிருந்து நீர்மட்டம் வரை எத்தனை செ.மீ. என்று எழுதுங்கள். அதில் குழாய் மண்ணுக்கு மேல் நீட்டியிருக்கும் உயரத்தைக் கழித்தால் மண்பரப்பிலிருந்து ஆழம் வரும். அதோடு மழை பெய்ததா, வாய்க்கால் நீர் வந்ததா, உரம் போட்டது எந்த நாள், எத்தனை கிலோ, ரகம் உமாவா ஜோதியா, அறுத்தபோது எத்தனை மூட்டை என்பவை. தேதி விடுபட்டால் வெறுமனே விடுங்கள், நினைவிலிருந்து நிரப்பாதீர்கள். ஒரு போகம் முழுக்க இப்படி எழுதிய நோட்டு இருந்தால், வயல் எத்தனை நாள் நீர் நின்றது, எத்தனை முறை காய்ந்தது என்று தெரியும். 0.55-ஐப் போடுவதா 0.71-ஐப் போடுவதா என்று தீர்மானிப்பது அந்த நோட்டுதான்.